கோலத்துக்கும் இலக்கணம் உண்டு: தாம்பரம் பேராசிரியர்கள் உலகுக்குச் சொன்ன கணிதம்

மார்கழி பிறந்துவிட்டால் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையிலும் மிட்டூரிலும், திருப்பதி கொர்லகுண்டாவிலும் பொழுது விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசல்கள் விழித்துக்கொள்கின்றன. சாணத் தண்ணீர் தெளிக்கும் சத்தம், விளக்குமாற்றின் சத்தம், அதற்குப் பிறகு சத்தமே இல்லாத ஒரு வேலை. தமிழர் வீட்டில் அதற்குக் கோலம் என்று பெயர். அடுத்த தெலுங்கர் வீட்டில் முக்கு. இங்கே சாணப் பிள்ளையார் தலையில் பூசணிப் பூ. அங்கே கொப்பெம்மா தலையில் அதே பூசணிப் பூ.

இந்த இரண்டு வீட்டுப் பெண்களும் கோலம் பரிமாறிக்கொள்வதைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். "இன்னிக்கு எத்தனை புள்ளி?" என்று தமிழ்ப் பெண் கேட்பார். "பதிஹேனு சுக்கலு, எனிமிதி வரக்கு, சந்து சுக்க" என்று பதில் வரும். பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடைப்புள்ளி. அவ்வளவுதான் பேச்சு. காகிதம் இல்லை, படம் இல்லை. மறுநாள் காலை தமிழர் வீட்டு வாசலில் நடு வரிசையில் 15 புள்ளி விழும். அதற்கு மேலே 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8. கீழேயும் அப்படியே 8. இடைப்புள்ளி என்பதால், ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உட்காரும்.

எண்ணிப் பார்த்தால் மொத்தம் 169 புள்ளிகள். ஓரத்துப் புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தால் ஆறு பக்கம்; பக்கத்துக்கு 8 புள்ளி. அழகான அறுகோணம்!

இந்த 169 புள்ளியையும் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொண்டார்கள். மீதியை விதி பார்த்துக்கொண்டது. வாசல் பெரிதாக இருந்தால் "17 புள்ளி, 9 வரை" என்பார்கள். 217 புள்ளி வரும். விதி அதேதான்.

சிறிய விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரிய வடிவத்தைக் கட்டும் இந்த வித்தை, கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று. அந்தத் துறைக்கும் நம் வாசலுக்கும் உள்ள உறவை 1970-களின் தொடக்கத்தில் உலக அறிஞர்களுக்கு எடுத்துக் காட்டியவர்கள், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கணித அறிஞர்கள். டாக்டர் கிப்ட் சிரோமணி, அவருடைய துணைவியார் டாக்டர் ராணி சிரோமணி, டாக்டர் கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர்.

பொருளே இல்லாத மொழி

இலக்கணம் என்றதும் பள்ளிக்கூடத்துப் பிரம்பு சிலருக்கு ஞாபகம் வரலாம். அந்த இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். மரம் என்ற சொல்லோடு கிளை என்ற சொல் சேர்ந்தால் "மரக்கிளை" ஆகிறது. மகர மெய் கெடுகிறது. ககர மெய் மிகுகிறது. "இன்னது இன்ன இடத்தில் வந்தால் இன்னதாக மாற்று" என்பதுதான் விதி. பாணினி சுமார் நான்காயிரம் சூத்திரங்களில் வடமொழி முழுவதற்கும் இப்படி விதி வகுத்தார். ஆகவே, விதிகளைக் கொண்டு மொழியைக் கட்டலாம் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல.

அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1950-களில் இதைக் கணிதமாக்கினார். அவர் கேட்ட கேள்வி விசித்திரமானது. பொருள் என்னவென்றே பார்க்காமல், எழுத்துகளின் வரிசையை மட்டும் பார்த்தால் என்ன? சில எழுத்துகள், ஒரு தொடக்க எழுத்து, "இதை எடுத்துவிட்டு அதை வை" என்று சில விதிகள். இந்த விதிகளால் பிறக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் சேர்த்து ஒரு "மொழி" என்றார்கள். அந்த மொழி தமிழும் அல்ல, தெலுங்கும் அல்ல, இங்கிலீஷும் அல்ல. அதில் யாரும் யாரையும் திட்ட முடியாது, கொஞ்சவும் முடியாது. வடிவம் மட்டுமே உள்ள மொழி. கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைத் தொகுப்பும் இத்தகைய ஓர் இலக்கணத்துக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதிக்கப்பட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் மனு திரும்பி வந்துவிடும். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல!

எல்லா இலக்கணமும் ஒரே பலம் கொண்டதல்ல என்பதுதான் சாம்ஸ்கி கண்ட முக்கியமான உண்மை. அவற்றை நான்கு படிகளாக அவர் பிரித்தார். பாகாலா, ரேணிகுண்டா யார்டுகளில் ஷன்டிங் பார்த்தவர்களுக்கு இந்தப் படிகளைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

முதல் படிக்கு நினைவு அதிகம் தேவையில்லை. வாசற்படி ஓரத்தில் ஒரு நெளி, ஒரு புள்ளி, ஒரு நெளி, ஒரு புள்ளி என்று போட்டுக்கொண்டே போகும் ஓரக் கோலம் இதைச் சேர்ந்தது. கடைசியாகப் போட்டது நெளியா, புள்ளியா என்று தெரிந்தால் போதும். பத்து அடிக்கு முன்னால் என்ன போட்டோம் என்ற கவலையே வேண்டாம்.

இரண்டாவது படி "விகடகவி" படி. தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான சொல் இது. தெனாலிராமன் பெற்ற பட்டம். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். இடப்பக்கம் போட்டதையே வலப்பக்கம் திருப்பிப் போடும் கோலமும் இப்படிப்பட்டதே. இங்கே நினைவு தேவை. எத்தகைய நினைவு? ஒரு பக்கம் மூடிய சைடிங்கை எண்ணிக்கொள்ளுங்கள். வி, க என்ற இரண்டு வண்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறோம். நடுவில் ட. அது தாண்டியதும் சைடிங்கிலிருந்து வண்டிகளை வெளியே இழுத்தால், கடைசியில் போன க முதலில் வரும். முதலில் போன வி கடைசியில் வரும். க, வி. சொல் முடிந்தது. வரிசை எவ்வளவு நீளமானாலும் இந்த ஒரு சைடிங் போதும். அது இல்லாத முதல் படிக்காரருக்கோ, நீளம் கூடக் கூடச் சரிபார்க்க முடியாமல் போய்விடும்.

ஆனால் திருப்பிப் போடாமல், அதே வரிசையை அப்படியே இன்னொரு முறை கேட்டால்? விகட, விகட. சைடிங் கைவிரித்துவிடும். அதிலிருந்து வருவதெல்லாம் தலைகீழாகத்தானே வரும்! இதற்கு மூன்றாவது படி இலக்கணம் வேண்டும். முன்னும் பின்னும் அக்கம்பக்கம் பார்த்து மாற்றும் விதிகள் அங்கே உண்டு. கண்ணுக்குக் கண்ணாடிப் பிம்பமும் நகலும் ஒரே அளவு எளிதாகத் தெரிகின்றன. இலக்கணத்துக்கு அப்படி இல்லை. நகல் எடுப்பதுதான் கஷ்டம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

நான்காவது படியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கம்ப்யூட்டரால் செய்ய முடிந்த எதையும் அந்த விதிகளால் செய்துவிடலாம். அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. அது பின்னால் வருகிறது.

தறியில் பாவு போல

சாம்ஸ்கியின் மொழியில் எழுத்துகள் ஒரே கோட்டில், ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். படங்கள் அப்படி இல்லை. அவற்றுக்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்ற கேள்வி 1960-களில் பல நாடுகளில் எழுந்தது. அதை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய டிப்ராக் கம்ப்யூட்டரை உருவாக்கியதில் முன் நின்றவர் அவர்.

தாம்பரம் குழுவினர் 1972-லும் 1973-லும் இந்தக் கேள்விக்குத் தங்கள் விடையை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன முறைகளில் ஒன்றை நகரி, புத்தூர்ப் பக்கத்து நெசவாளர்கள் கேட்டால் "இது எங்கள் தறி ஆச்சே" என்பார்கள். முதல் கட்டத்தில் மேல் வரிசை மட்டும் இடமிருந்து வலமாக உருவாகிறது. பாவு நூல்களை வரிசையாகக் கட்டுவது போல. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தும் தன் தலைக்குக் கீழே ஒரு கட்டம், ஒரு கட்டமாக வளர்கிறது. எல்லாப் பத்திகளும் ஒரே நேரத்தில் ஒரு வரிசை இறங்க வேண்டும். ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஊடை ஓடிவிட்டுத் திரும்பும்போது துணி ஒரு நூல் அளவு வளர்கிறதல்லவா, அதே மாதிரி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீளம் எவ்வளவாவது, அகலம் எவ்வளவாவது இருக்கட்டும் என்றால் எளிய விதி போதும். நீளமும் அகலமும் சமமாக, சரியான சதுரமாக இருந்தே தீரவேண்டும் என்றால் முதல் படி விதிகளால் முடியாது. முதல் கட்டத்தில் எத்தனை நூல் கட்டினோம் என்பது இரண்டாம் கட்டத்துக்குத் தெரியாதே! பெண்கள் சதுரக் கோலம் போடும்போது மேல் வரிசைப் புள்ளியை எண்ணி, அதே எண்ணிக்கைக்கு வரிசைகளையும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைதான், விதிக்கு மேலே அவர்கள் கூடுதலாகச் சேர்க்கும் நினைவு.

1974-ல் மூவரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே "கோலம்" என்ற தமிழ்ச் சொல் நின்றது. கம்ப்யூட்டர் படவியலுக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி இதழில் அது வெளியாயிற்று. வரிசைகளையும் பத்திகளையும் சேர்த்துச் சேர்த்துக் கோலத்தை வளர்க்கும் விதிகள் அதில் இருந்தன. 1976-ல் சிரோமணி தம்பதியர் இன்னொரு படி போனார்கள். சதுரக் கட்டங்களை விட்டு அறுகோண அடுக்குகளுக்கு இலக்கணம் எழுதினார்கள். நம் கிரீம்ஸ்பேட்டை வாசலில் விழுந்த 15-8 இடைப்புள்ளியும் அறுகோண அடுக்குதான். நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று பெண்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததற்கு, கணிதத்திலும் இரண்டு தனித்தனி அடுக்குகள் தேவைப்பட்டிருக்கின்றன.

கிப்ட் சிரோமணி புள்ளியியல் துறைப் பேராசிரியர். ஒரு வேலையோடு நிற்கும் மனிதர் அல்ல. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டரே அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்று 1978-லேயே உடன் உழைத்தவர்களோடு கட்டுரை வெளியிட்டார். இன்று கையில் உள்ள டெலிபோனால் பஸ் போர்டைப் படம் பிடித்தால் எழுத்து தானாக வந்து நிற்கிறது. அந்த வேலைக்கு அன்றே தமிழில் ஆரம்பம் போட்டவர். சிந்து சமவெளி முத்திரைகளும் கல்வெட்டு எழுத்துகளும்கூட அவர் ஆராய்ச்சியில் இடம்பெற்றன. ராணி சிரோமணி கணிதப் பேராசிரியை. இலக்கண விதிகளைக் கொண்டு ரகசியச் செய்தி அனுப்பும் முறைகள் வரை அவர் ஆராய்ச்சி விரிந்தது. 2019-ல் காலமாகும்போது அவருக்கு வயது 90. கமலா கிருத்திவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாகி, இந்தத் துறையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அம்மாவின் நோட்டு

சித்தூர் மாவட்டம் 1911-ல் அமைக்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கமே நின்றன. இங்கே பிழைக்க வந்த, அல்லது இங்கேயே இருந்துவிட்ட தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய நோட்டு இருக்கும். முன் பக்கமிருந்து கோலங்கள். பின் பக்கமிருந்து மளிகைக் கணக்கு. ஒவ்வொரு கோலத்துக்கும் மேலே பெயர், அதன் கீழே "15-8 இ.பு." என்று குறிப்பு. பாட்டி எழுதி, அம்மாவோடு கல்யாணச் சீராக வந்த நோட்டு.

தெலுங்கு மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும் படிக்கும் பேத்திக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. பெயரைத் தாண்டிப் போய் எண்ணைப் பார்க்கிறாள். எண் போதும், கோலம் வாசலுக்கு வந்துவிடுகிறது. "எழுத்தே போய்விட்டதே" என்று பெரியவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் உண்டு. ஆனாலும், எழுத்து போன பிறகும் ஒரு மொழி வாய் தவறாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பொருள் இல்லாமல் வடிவம் மட்டும் உள்ள மொழி என்று பேராசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. அடுக்குமாடி வீட்டில் வாசல் என்பது மூன்றடி டைல்ஸ். கடையில் ஒட்டுக் கோலம் விற்கிறது. துளை போட்ட அச்சுத் தட்டும் விற்கிறது. மாவைக் கொட்டித் தட்டினால் நொடியில் கோலம். அவசர உலகத்தில் அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தத் தட்டு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லும். 15-ஐ 17 ஆக்கு என்றால் அதற்குத் தெரியாது. வாக்கியம் வீட்டில் இருக்கிறது, இலக்கணம் வீட்டை விட்டுப் போய்விட்டது.

பாசியும் கண்ணன் கொலுசும்

ஹாலந்து நாட்டில் வேலை பார்த்த ஹங்கேரிய உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் வேறொரு வகை இலக்கணம் கொண்டுவந்தார். பாசி எப்படி வளர்கிறது என்று சொல்வதற்காக அவர் எழுதிய விதிகளில் ஒன்று மிக எளியது. "அ" என்று இருந்தால் அதை "அஇ" ஆக்கு. "இ" என்று இருந்தால் அதை "அ" ஆக்கு. முக்கியமான நிபந்தனை, எல்லா எழுத்தும் ஒரே சமயத்தில் மாறவேண்டும். அ என்று தொடங்கினால் அஇ, பிறகு அஇஅ, பிறகு அஇஅஅஇ, பிறகு அஇஅஅஇஅஇஅ. எழுத்துகளை எண்ணுங்கள். 1, 2, 3, 5, 8. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது.

எழுத்துக்குப் பதிலாக "ஒரு அடி நட, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு" என்று கட்டளைகளை வைத்துவிட்டால் இதே விதிகள் படம் வரையத் தொடங்கிவிடும். 1980-களில் கனடாவில் புருசின்கிவிச் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி இப்படிச் செடி கொடிகளைத் திரையில் வளர்த்தார். அவர் வரைந்து காட்டியவற்றில் "கிருஷ்ணனின் கொலுசு" என்ற நம் ஊர்க் கம்பிக் கோலமும் ஒன்று. தாம்பரத்தின் கட்டுரைகள் கப்பலேறிப் போன தூரம் அது.

இந்த இடத்தில் முன்பு சொன்ன வில்லங்கத்துக்கு வருவோம். எதிரெதிர் வீட்டுப் பெண்கள் இருவர் ஒரே கோலத்தை வெவ்வேறு விதத்தில் வளர்க்கிறார்கள். ஒருவர் நடுவிலிருந்து வெளியே. மற்றவர் மேலிருந்து கீழே. "என் முறையில் வருகிற கோலமெல்லாம் உன் முறையிலும் வரும்" என்கிறார் ஒருவர். "வராது" என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி? அவர்களுடைய விதிகள் முதல் படியைச் சேர்ந்தவையாக இருந்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டாவது படிக்கு வந்துவிட்டால், எந்த இரண்டு இலக்கணத்தைக் கொடுத்தாலும் "இரண்டும் ஒன்றே" அல்லது "வேறு வேறு" என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுவான வழிமுறை கிடையாது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம் அல்ல. இருக்கவே முடியாது என்று 1960-களின் தொடக்கத்திலேயே நிரூபித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் இந்த எதிர்வீட்டு வழக்கு முழுவதும் தீராது. ஏதோ ஒரு குறிப்பிட்ட ஜோடி விதிகளுக்கு விடை சொல்ல முடியலாம், எல்லாவற்றுக்கும் முடியாது.

ஒரே கம்பி

கம்பிக் கோலம், சிக்குக் கோலம், தெலுங்கில் மெலிகல முக்கு. புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஓடும் கோடு. இதற்குக் கட்டம் கட்டமாக வளரும் இலக்கணம் மட்டும் போதவில்லை. ஏனென்றால் இங்கே யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ரயில்வே ரூட் மேப்பைப் பாருங்கள். காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா. தண்டவாளத்தின் வளைவுகள் அதில் சரியாக இருக்காது; தூரமும் அளவுப்படி இருக்காது. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு லைன் போகிறது என்பது மட்டும் சரியாக இருக்கும். புள்ளிகளும் இணைப்புகளும் மட்டுமே கொண்ட இத்தகைய வரைபடத்தைக் கணிதத்தில் கிராப் என்கிறார்கள். ஒரு ஸ்டேஷனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிளை லைனோடு கூடிய ஜங்ஷனை வைப்பது போன்ற விதிகள் எழுதினால் அது கிராப் இலக்கணம். அமெரிக்காவில் பால்ட்ஸ், ரோசன்பெல்டு என்ற இருவர் 1969-ல் "வலை இலக்கணம்" என்று இதைத் தொடங்கினார்கள். மேரிலாந்து சர்வகலாசாலைப் பேராசிரியரான அசார்யல் ரோசன்பெல்டு யூத மத குருவாகவும் பட்டம் பெற்றவர். படங்களைக் கம்ப்யூட்டர் கொண்டு ஆராயும் துறைக்கே முன்னோடி.

1986 டிசம்பரில் அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் வாரன்டன் என்ற ஊரில் கிராப் இலக்கணங்களுக்கென்று சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. 1987-ல் அச்சான அதன் கட்டுரைத் தொகுப்பில், ரோசன்பெல்டின் சுழல் இலக்கணத்தையும் கோலத்தையும் இணைத்து சிரோமணி தம்பதியர் எழுதிய கட்டுரை உள்ளது. சுழல் என்றால் இரு முனையும் சேர்த்துக் கட்டிய கயிறு. அதற்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. கயிற்றின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அங்கே வேறொரு நெளிவை வைக்கிறோம். கயிறு மட்டும் அறுந்துபோகக் கூடாது. சிறிய வளையத்தில் தொடங்கி, எத்தனை பெரிய கோலம் வந்தாலும் அது ஒரே கம்பியாகவே இருக்கும்.

கோலம் போடும் கையின் அசைவுகளையே இதில் எழுத்துகளாக எடுத்துக்கொண்டார்கள். நேரே போவது, வலப்பக்கம் வளைவது, இடப்பக்கம் வளைவது, புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்புவது. முன்பு கோலத்தைக் கட்டங்களாகப் பார்த்தவர்கள் கடைசியில் கோலம் போடுபவரின் விரலுக்கே வந்து சேர்ந்தார்கள். இந்தக் கடைசிக் கட்டுரைகள் முந்தியவற்றைவிடக் கோலத்துக்கு நெருக்கமானவை என்றே சொல்லவேண்டும்.

கிப்ட் சிரோமணி 1988 மார்ச்சில் காலமானார். வயது 55. அடுத்த ஆண்டு அவர் நினைவாக ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. பதிப்பாசிரியர், முன்பு சொன்ன அதே ஆர். நரசிம்மன். கம்பிக் கோலத்தையும் சுழல் இலக்கணத்தையும் பற்றி கிப்ட் சிரோமணி மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அதில்தான் அச்சாயிற்று.

ஒரே கம்பியா, பல கம்பியா என்பதை வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். கோடு சாய்வாகவே போகவேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு இடத்திலும் கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கையை எடுக்காமல் போட்டுக்கொண்டு போனால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஒரே கம்பி. இதையே 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று வைத்தால் பாதியிலேயே வளையம் மூடிக்கொள்ளும். கோலம் முடிய 4 கம்பி தேவைப்படும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் 2 கம்பி.

கணக்கு இதுதான். வரிசை எண்ணிக்கை, வரிசைக்குப் புள்ளி எண்ணிக்கை, இந்த இரண்டையும் மீதி இல்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கம்பி. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்து இப்படிக் கோடு இழுக்கிறார்கள். அவர்கள் அதைச் சோனா என்கிறார்கள். அங்கும் இதே கணக்குத்தான்.

4-க்கு 4 போட்டே தீருவேன் என்பவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால், இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். நான்கை ஒன்றாக்க இப்படி மூன்று இடம் வேண்டும். எந்த மூன்று இடத்தில் திருப்பினால் கோலத்தின் அழகு கெடாது என்பது போடுபவர் கைக்குத்தான் தெரியும். முதலில் பழக 5 வரிசை, வரிசைக்கு 7 புள்ளி நல்லது. 35 புள்ளி, ஒரே கம்பி. பால்காரர் வருவதற்குள் முடிந்துவிடும்.